திருப்பி அனுப்பப்பட்ட முதல் குழாய்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. 'ரிஜெக்ட் அக்கா எங்கே?' என்று கேட்டால் வாசல் காவலர்கூட எழுந்து நின்று வழி சொல்வார். இரண்டாம் மாடி, ரத்தப் பரிசோதனைக் கூடம், இடது பக்கம் மூன்றாவது மேசை. திட்டு வாங்காமல் திரும்பி வந்தால் இன்றைக்கு உங்களுக்கு நல்ல நேரம் என்று சேர்த்தும் சொல்வார். நாமும் அவளை அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

ரத்தம் ஒழுங்காக உறைகிறதா என்று பார்ப்பது அக்காவின் வேலை. அதற்கென்று நீல மூடி போட்ட சின்னக் குழாய் ஒன்று உண்டு. வழியில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க அதற்குள் முன்கூட்டியே கொஞ்சம் மருந்து விட்டிருப்பார்கள். குழாயின் மேல் ஒரு கோடு இருக்கும். ரத்தம் சரியாக அந்தக் கோடு வரை வர வேண்டும். குறைந்தால் மருந்து மிஞ்சிப்போய், நல்ல ரத்தத்தைக்கூட உறையத் தெரியாத ரத்தம் போலக் காட்டிவிடும். மேசைக்கு வந்ததும் அந்த மருந்தை முறித்து, எத்தனை விநாடியில் உறைகிறது என்று இயந்திரம் எண்ணும். நல்ல ரத்தம் பன்னிரண்டு, பதின்மூன்று விநாடியில் கெட்டியாகிவிடும். ரொம்ப நேரம் பார்த்தும் உறையவில்லை என்றால் இயந்திரம் வெறுத்துப்போய், எண்ணுக்குப் பதிலாக வரிசையாக நட்சத்திரங்களை அச்சடித்துத் தரும்.

அக்கா முதலில் குழாயைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். கோட்டுக்கு ஒரு நூல் கீழே இருந்தாலும் போச்சு. குழாயைத் தனி டப்பாவில் போட்டுவிட்டு, மூலையில் இருக்கும் பெரிய பதிவேட்டை இழுத்து எழுதுவாள். நோயாளி யார், எடுத்தவர் யார், காரணம், கையெழுத்து. நர்சுகள் கெஞ்சியிருக்கிறார்கள், கொஞ்சியிருக்கிறார்கள், ஒருத்தி கண்ணீரே விட்டிருக்கிறாள். தலைமை மருத்துவரின் மாமனார் ரத்தமே ஒருமுறை திரும்பிப் போயிருக்கிறது. மாமனாருக்கு இரண்டாவது முறை ஊசி குத்தப் போனவள் நடுங்கிக்கொண்டே போனதாகக் கேள்வி. அக்காவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. சொல்லப்போனால், அவள் சொல்வது எப்போதும் சரியாக இருந்து தொலைத்ததுதான் எல்லோருக்கும் எரிச்சல்.

சும்மா வந்த கறார் இல்லை அது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு கிழவருக்கு மறுபடி குத்த வேண்டாமே என்று பாவம் பார்த்து, குறைந்த குழாய் ஒன்றை அப்படியே ஓட்டி முடிவைக் கொடுத்துவிட்டாள். அதை நம்பி டாக்டர்கள் அவருக்குத் தேவையில்லாமல் பிளாஸ்மா என்கிற ரத்த நீரை ஏற்ற, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு வாங்கி, மனிதர் மூன்று நாள் படுத்த படுக்கையாகிவிட்டார். பிழைத்துக்கொண்டார். அக்காவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறந்திருப்பாளோ என்னவோ. அன்றிலிருந்து குழாயிடம் பாவம் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

வீட்டில் அவளுக்கு வேறு கதை. கீழ்த்தளத்தில் அக்காவும் அவள் கணவரும். அவர் லிஃப்ட் மெக்கானிக். மாடியில் அவருடைய தங்கை, அதாவது அக்காவின் நாத்தனார். கட்டினவனை நான்காம் வருடமே வழியனுப்பி வைத்துவிட்டு, ஒரு பழைய காரை வாங்கி, தலையில் பலகை மாட்டி, தனியாளாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். காரில் ஓட்டுகிறவர் பக்கம் ஒரு செட் பெடல், இவள் உட்காரும் பக்கம் ஒரு செட். நாற்பத்தோரு வயது. தெருமுனையில் அவள் 'பிரேக்' என்று சொன்னால் சம்பந்தமே இல்லாத சைக்கிள்காரர்கள் நின்றுவிடுவார்கள்.

இரண்டு பேருக்கும் எட்டு மாதமாகப் பேச்சு இல்லை. வேறொன்றுமில்லை, அக்காவுக்கும் கார் ஓட்டக் கற்றுத்தருகிறேன் என்று நாத்தனார் ஒற்றைக் காலில் நின்றாள். அக்கா பழகுநர் உரிமம் வாங்கி மூன்று நாள் போனாள். மூன்றாம் நாள் பெரிய சந்திப்பில் வண்டி நான்கு முறை நின்றது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடிக்க, நாத்தனார் கண்ணாடியை இறக்கி, "கொஞ்சம் பொறுத்துக்குங்க சார், ரத்தம் பார்க்கிறவங்க, ரோடு பார்க்கத் தெரியாது" என்று கத்திச் சொன்னாள். அதோடு விட்டாளா? பயிற்சி அட்டையில் 'சாலைக்குத் தகுதியில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். அதைப் பார்த்து லிஃப்ட் மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். அதற்கப்புறம் மேலே சொல்ல வேண்டியதை அக்கா அவரிடம் சொல்ல, கீழே சொல்ல வேண்டியதை நாத்தனார் அவரிடம் சொல்ல, பகலெல்லாம் மேலும் கீழும் போய்வருகிற மனிதர் வீட்டுக்கு வந்தும் அதையே செய்துகொண்டிருந்தார்.

அந்த மௌனம் ஒரு தலையணை உறையால் உடைந்தது. மொட்டை மாடிக் கொடியில் நாத்தனாரின் துணிகளுக்கு நடுவே மூன்று உறைகள். மூன்றிலும் ஒரே இடத்தில், துவைத்தும் போகாத பழுப்புக் கறை. இருபத்து நான்கு வருடமாக ரத்தத்தோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாத்தனார் துணி எடுக்க வந்ததும், எட்டு மாதத்தை மறந்து கேட்டுவிட்டாள்.

"என்ன அது, தலையணை உறையில?"

நாத்தனார் சுற்றுமுற்றும் பார்த்தாள். "என்கிட்டயா பேசறீங்க?"

"உன்கிட்டதான். என்ன கறை?"

"பல் ஈறுல கொஞ்சம் ரத்தம் வருது. புது பிரஷ், முரடா இருக்கு."

"கால்ல என்ன அத்தனை கன்னிப்போயிருக்கு?"

"கிளட்ச் இடிச்சது."

"ரெண்டு கால்லயுமா கிளட்ச்?"

"என்கிட்ட கத்துக்க வர்றவங்களைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? அவங்க பிரேக் போடற வேகத்துக்கு மூக்கு மிச்சம் இருக்கறதே பெரிசு" என்றாள் நாத்தனார். ஆனால் படி இறங்கும்போது இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள். அக்கா அதையும் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்து வரிசையில் நிற்க முடியாது, ஏழு மணிக்கு வகுப்பு இருக்கிறது என்று நாத்தனார் அடம்பிடித்ததால், மறுநாள் காலை ஆறு மணிக்குக் கீழ்வீட்டுச் சமையலறை மேசையிலேயே ரத்தம் எடுப்பதென்று ஏற்பாடு. உயிருள்ள கையில் ஊசி போட்டு அக்காவுக்குப் பதினோரு வருடமாகியிருந்தது. அவளுடைய பழக்கமெல்லாம் குழாய்களோடுதான். நரம்பு சட்டென்று கிடைத்தது. நீலக் குழாய் நிரம்பிக்கொண்டிருந்தபோது நாத்தனாரின் போன் அடிக்க, அவள் எதுவும் நடக்காத மாதிரி அந்தக் கையையே நீட்டிவிட்டாள்.

"ஆட்டாதே!"

"ஏழு மணிக்காரர். எடுக்கலன்னா வீட்டுக்கே வந்துடுவார்."

ஊசி நழுவப் பார்த்தது. நீலக் குழாய் கோட்டுக்கு ஒரு நூல் கீழேயே நின்றுவிட்டது. அடுத்தது, அணுக்களை எண்ணுவதற்கான ஊதா மூடிக் குழாய். அதையும் எப்படியோ நிரப்பி, குத்தின இடத்தில் பஞ்சை வைத்து, ஐந்து நிமிடம் அழுத்திப் பிடி என்று சொல்லிவிட்டு அக்கா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அந்த ஐந்து நிமிடம் நின்று பார்த்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும். நிற்கவில்லை. ரத்தம் அவளைப் பொறுத்தவரை குழாய்க்குள் வந்த பிறகுதான் ரத்தம்.

கூடத்தில் நீலக் குழாயை ஏற்றினாள். இயந்திரம் எண்ணியது, எண்ணியது, எண்ணிக்கொண்டே போய் வரிசையாக நட்சத்திரங்களை அடித்துத் தள்ளியது.

பக்கத்து மேசையில் அணுக்களை எண்ணும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர், ஓய்வு பெற ஒரு வருடமே பாக்கியிருக்கும் மனிதர். எல்லோரும் எண்ணிக்கை சார் என்பார்கள். அவர் ஊதாக் குழாயின் தாளை நீட்டினார்.

"யாரும்மா இது? தட்டணு பதினாலாயிரம்தான் இருக்கு. ஒண்ணரை லட்சமாவது இருக்கணும். வெள்ளணுவும் ரொம்பக் கம்மி."

"என் நாத்தனார். வீட்டுல எடுத்தேன். கையை ஆட்டிட்டா. குழாய்க்குள்ளயே கட்டி கட்டியா சேர்ந்திருக்கும், அதான் எண்ணிக்கை குறைஞ்சு காட்டுது."

"நீலம்?"

"நட்சத்திரம். ஒரு நூல் குறையா இருக்கு."

எண்ணிக்கை சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஒரு நூல் குறைஞ்சா பதிமூணு பதினஞ்சாகும். நட்சத்திரம் எப்படி வரும்? இது நீங்க எனக்குச் சொல்லிக் கொடுத்ததும்மா. நான் வேணா ஒரு துளியைக் கண்ணாடியில தேய்ச்சு மைக்ராஸ்கோப்பில பார்க்கட்டுமா?"

"வேண்டாம் சார். மோசமான குழாய்ல எதைப் பார்த்தாலும் மோசமாத்தான் இருக்கும். மத்தவங்களுக்கு ஒரு சட்டம், என் வீட்டுக்கு ஒரு சட்டமா?"

பதிவேட்டை இழுத்தாள். நோயாளி: நாத்தனார். எடுத்தவர்: தன் பெயர். காரணம்: அளவு குறைவு. கையெழுத்து. கூடமே சிரித்துக் கைதட்டியது. யாரோ அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்தார்கள். தன்னையே ரிஜெக்ட் செய்த ரிஜெக்ட் அக்கா என்று மத்தியானத்துக்குள் மூன்று மாடிக்கும் செய்தி போய்விட்டது. கண்ணீர் விட்ட அந்த நர்சே வந்து கைகுலுக்கிவிட்டுப் போனாள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும், அன்றைக்குப் பூராவும் அவள் தலை கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது.

சாயங்காலம் கணவர் மூலமாக மேலே சொல்லி அனுப்பினாள், நாளைக்கு மறுபடி எடுக்க வேண்டும் என்று. பதில் படிக்கட்டு வழியாக நேராகவே வந்தது.

"ஒழுங்கா எடுக்கத் தெரியாதவங்ககிட்ட கையை நீட்டினது என் தப்பு!"

லிஃப்ட் மெக்கானிக் இறங்கி வந்து, தங்கைக்குத் தலை வலிக்கிறதாம், சீக்கிரம் படுக்கப் போகிறாளாம் என்றார். கத்தினால் வலிக்கத்தானே செய்யும் என்றாள் அக்கா.

மறுநாள் காலை ஊசி, குழாய், பஞ்சு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நாத்தனார் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கையை நீட்டினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கை கருநீலமாக இருந்தது. குத்தின இடத்துப் பஞ்சு நனைந்து சிவந்திருந்தது. கட்டிலுக்குக் கீழே பிளாஸ்டிக் கூடையில் அதே மாதிரி பஞ்சுகள் பத்துப் பன்னிரண்டு. நேற்றுக் காலை ஆறு மணிக்குப் போட்ட ஓட்டை. இருபத்து நான்கு மணி நேரம் கழித்தும் அது மூடவில்லை.

"ராத்திரி பூரா மாத்திக்கிட்டே இருந்தேன்" என்றாள் நாத்தனார். "இடது கண்ணுல ஏதோ இலை ஒட்டின மாதிரி இருக்கு அண்ணி. எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது."

குத்தின இடத்தில் அக்கா புதுப் பஞ்சை வைத்து அழுத்தினாள். குழாய் பொய் சொல்லவில்லை. கோடும் நூலும் ஒன்றும் இல்லை. இந்த உடம்பில் உறைவதற்கே எதுவும் மிச்சமில்லை, அந்த நட்சத்திரங்களுக்கு அதுதான் அர்த்தம். இப்போது கண்ணுக்குள் கசிந்திருக்கிறது. அடுத்தது மூளைக்குள் கசிந்தால் கதை முடிந்தது. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். நேற்றும் தெரியும்.

ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். அன்றைக்கு வாடகை வண்டிகள் வேலைநிறுத்தம். கணவர் விடிவதற்கு முன்பே ஊருக்கு அந்தப் பக்கம் நடுவில் நின்றுபோன லிஃப்டை இறக்கப் போயிருந்தார். ஆஸ்பத்திரி நான்கு கிலோமீட்டர். நாத்தனார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இரு, இரு, நீ எங்க ஓட்டறது? ஒரு கண்ணு தெரியல உனக்கு."

"அப்ப யாரு, நீங்களா ஓட்டப் போறீங்க?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு யாரும் அந்த அறையில் இல்லை.

அக்கா ஓட்டுகிறவர் இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நாத்தனார், கையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கால்களை இரண்டாவது பெடல்களின் மேல் வைத்துக்கொண்டாள். கார் புறப்பட்டது என்று சொல்வதைவிட நகர ஒப்புக்கொண்டது என்று சொல்லலாம். ஒரு சின்னக் குலுக்கல்கூட இந்தத் தலைக்குள் எதையாவது கிழித்துவிடும் என்ற நினைப்பில் அக்கா வேகத்தடையெல்லாம் ஏறி இறங்கிய விதத்தைப் பார்த்து, நடந்து போனவர்கள் முந்திப் போனார்கள். ஒரு சைக்கிள்காரர் ஜன்னலில் குனிந்து, வண்டி தள்ள வேண்டுமா என்று கேட்டார்.

பெரிய சந்திப்பில் வண்டி நின்றேவிட்டது. பின்னால் ஒரு பஸ். ஹாரன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு திட்டுக்குக் காத்திருந்தாள்.

"பரவாயில்ல அண்ணி" என்றாள் நாத்தனார், தாழ்ந்த குரலில். "அவசரமே இல்ல. சாவியைத் திருப்புங்க. கிளட்ச்சை மெதுவா விடுங்க. நல்லாத்தான் ஓட்டறீங்க."

அதுவரை அக்கா பயந்தது ஒரு மாதிரி. இந்த வார்த்தைக்குப் பிறகு பயந்தது வேறு மாதிரி. இவள் இப்படி அன்பாகப் பேசுகிறாள் என்றால் உடம்புக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டே மீதி இரண்டு கிலோமீட்டரை ஓட்டி முடித்தாள். அவசரப் பிரிவு வாசலில் வண்டியைக் குறுக்கே விட்டு இறங்கிப் பார்த்தபோது, நாத்தனாரின் உதட்டோரம் ரத்தம் கோடாக இறங்கியிருந்தது.

புதுக் குழாய்கள் வார்டில் எடுத்து இரண்டாம் மாடிக்கு வந்தன. நீலக் குழாய், கோடு வரை, அச்சடித்த மாதிரி. நட்சத்திரங்கள். ரத்தத்தைக் கெட்டியாக்கும் புரதம் கிட்டத்தட்ட பூஜ்யம். எண்ணிக்கை சார் இந்த முறை யாரையும் கேட்காமல் கண்ணாடித் தகடு தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு, எழுந்து நின்று தன் இடத்தைக் கொடுத்தார். அக்கா குனிந்து பார்த்தாள். ஊதிப்போன பெரிய பெரிய வெள்ளணுக்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் விறகுக் கட்டு மாதிரி கத்தை கத்தையாக ஊசிகள். பாடப் புத்தகத்தில் அந்தப் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கும் என்பது இரண்டு பேருக்கும் மனப்பாடம். ரத்தப் புற்றுநோய், அதில் ஒரு தனி வகை.

"நேத்து குழாய்லயும் இதுதான் இருந்திருக்கும்" என்றார் எண்ணிக்கை சார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவர் அப்படிப்பட்ட மனிதரில்லை. அதனால்தான் அது ரொம்பக் குத்தியது.

ரத்த நோய் டாக்டர் ஒரு மணி நேரத்துக்குள் மாத்திரையை ஆரம்பித்துவிட்டார். எலும்பு மஜ்ஜை முடிவுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. அவர் சொன்னது இதுதான். இந்த வகைப் புற்றுநோயைக் குணப்படுத்திவிடலாம், பத்தில் ஒன்பது பேர் தப்பிக்கிறார்கள். ஆனால் முதல் இரண்டு வாரம் தாண்ட வேண்டும். அந்த நோயணுக்களுக்குள் இருக்கும் சரக்கு ரத்தத்தில் கொட்டி, தேவையில்லாத இடத்திலெல்லாம் பொடிப் பொடியாக உறைய வைக்கிறது. உறைவதற்கான சாமான் எல்லாம் அதிலேயே தீர்ந்துபோய், ஓட்டை விழுந்த இடத்தை அடைக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. புற்றுநோய் கொல்லுமுன் ரத்தக்கசிவு கொன்றுவிடும்.

"முதல்ல எப்ப ரத்தம் எடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"நேத்து காலையில."

"முடிவு என்ன வந்துச்சு?"

"குழாய் சரியில்லன்னு ரிஜெக்ட் பண்ணிட்டாங்க."

"யாரு?"

"நான்தான்."

டாக்டர் பேனாவைத் தூக்கியவர், எதையும் எழுதாமல் கீழே வைத்தார்.

"ஒரு நாள் முன்னால வந்திருந்தா அந்தக் கண்ணு தப்பிச்சிருக்குமா டாக்டர்?"

"சொல்ல முடியாது" என்றார் அவர். தப்பித்திருக்கும் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பாள், தப்பித்திருக்காது என்றால் நிம்மதியாகியிருப்பாள். அவர் இரண்டுக்கும் வழி வைக்கவில்லை.

அதற்கப்புறம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாத்தனாரின் நீலக் குழாய் வந்தது. வார்டில் பை பையாக ரத்த நீரும் தட்டணுக்களும் ஏறிக்கொண்டிருக்க, மேசையில் எண்கள் வந்தன. நட்சத்திரம், நட்சத்திரம், நாற்பத்தாறு, முப்பத்தொன்று, மறுபடி முப்பத்தெட்டு. லிஃப்ட் மெக்கானிக் வராந்தாவில் உட்கார முடியாமல், ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவு சத்தம் சரியில்லை என்று சொல்லி அதன் பலகையைக் கழற்றிவிட்டார். காவலர் வந்து தடுக்கும்போது பாதி வேலை முடிந்திருந்தது, அதனால் முடிக்கவிட்டார்கள். மூன்றாம் நாள் வேறு வார்டிலிருந்து குறையான குழாய் ஒன்று வந்தது. அக்கா பதிவேட்டை இழுத்தாள், பேனாவை எடுத்தாள், பிறகு போனை எடுத்து அந்த வார்டு நர்சைக் கூப்பிட்டு, குத்தின இடத்தில் ரத்தம் நின்றுவிட்டதா என்று கேட்டாள். நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகுதான் ரிஜெக்ட் செய்தாள். போனை வைத்த நர்ஸ், அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று நாலு பேரிடம் விசாரித்தாளாம்.

நான்காம் நாள் அவளால் தாங்க முடியவில்லை. சீருடையைக்கூடக் கழற்றாமல் வார்டுக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் நின்றாள். நாத்தனாரின் ஈறு வீங்கி, உதடு வெடித்து, முகமே பாதியாகிப் போயிருந்தது. இடது கண்ணில் பஞ்சு.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் அக்கா. "நான் முதல்ல எடுத்த குழாய் சரியாத்தான் சொல்லிச்சு. உனக்கு ரத்தம் உறையலன்னு நேரா சொல்லிச்சு. சார்கூட எடுத்துச் சொன்னார். நான்தான் நம்பல. என் வீட்டுக்கும் அதே சட்டம்னு காட்டணும்னு ரிஜெக்ட் பண்ணேன். எல்லாரும் கைதட்டினாங்க. உனக்கு ஒரு நாள் போச்சு."

நாத்தனார் நல்ல கண்ணால் அவளைப் பார்த்தாள். பிறகு உதட்டை அசைக்காமல், பல்லுக்கிடையில் பேசினாள்.

"ஈறு வலிக்குது. இப்ப திட்ட முடியாது. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, திட்டறேன்."

இந்த ஒரு வாக்கியத்தை அக்கா பிடித்துக்கொண்ட மாதிரி வேறு எதையும் வாழ்க்கையில் பிடித்துக்கொண்டதில்லை. மருந்தை நம்பவில்லை, டாக்டரை நம்பவில்லை, பத்தில் ஒன்பதையும் நம்பவில்லை. அவளுக்குத் தெரிந்து நாத்தனார் யாரையாவது திட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுத் திட்டாமல் விட்டதில்லை. ஒவ்வொரு குழாயையும் ஓட்டும்போது, இவள் என்னைத் திட்டியாக வேண்டும், திட்டாமல் போய்விடக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினாள். நடுவில் ஏழாம் நாள் காய்ச்சல் வந்து மூச்சுத் திணறியது. மாத்திரையோடு சேர்த்து ஒரு விஷ மருந்தை நரம்பில் ஏற்ற ஆரம்பித்தார்கள். விஷம் என்றால் பாஷாணம், நிஜ பாஷாணம்தான், அளந்து கொடுத்தால் இந்த நோய்க்கு அதுதான் மருந்து. இருபத்தொன்பது. இருபத்திரண்டு. பதினெட்டு. ஒன்பதாம் நாள் பதினைந்து.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் இயந்திரம் பதின்மூன்று என்றது. அக்கா அதே குழாயை இரண்டாவது முறை ஓட்டினாள். பதின்மூன்று. எண்ணிக்கை சாரைக் கூப்பிட்டு, அவரை ஒரு முறை பொத்தானை அழுத்தச் சொன்னாள். பதின்மூன்று. தாளைக் கிழித்துக்கொண்டு வார்டுக்குப் போனாள்.

நாத்தனார் தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும், "வாங்க, ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தாள். நாத்தனார் ஆரம்பித்தாள். கல்யாணத்தன்று இவளை போட்டோவில் ஓரமாக நிற்கச் சொன்னதிலிருந்து ஆரம்பித்தாள். முதல் வருடம் கடன் வாங்கிய குடையை முறித்துத் திருப்பிக் கொடுத்தது, கட்டினவனை விட்டு வந்த அன்றைக்கு 'யோசிச்சுப் பண்ணியிருக்கலாம்' என்று சொன்னது, மாடித் துணிகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் போர்வையைக் காயப் போடுவது, அண்ணனுக்குப் பிடித்ததைச் சமைக்காமல் உடம்புக்கு நல்லதைச் சமைப்பது, மூன்று நாள் வந்துவிட்டு வகுப்பை நிறுத்தியது, நிறுத்தியபின் ஒரு வார்த்தை பேசாமல் எட்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. நடுவில் தண்ணீர் குடித்தாள். மறுபடி தொடர்ந்தாள். பக்கத்துக் கட்டில்காரிகள் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மாத்திரை கொண்டுவந்த நர்ஸ், இரண்டாம் மாடியில் தான் பட்ட அவமானத்தையெல்லாம் யாரோ வட்டியோடு வசூலிக்கிறார்கள் என்று அப்படியே நின்றுவிட்டாள். அக்காவுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, சிரிப்பும் வந்தது. இவ்வளவு சந்தோஷமாக அவள் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து நாத்தனார் ஓய்ந்து சாய்ந்தாள்.

"முடிஞ்சுதா?" என்றாள் அக்கா.

"முடிஞ்சுது."

"அந்தக் குழாயை விட்டுட்டியே."

நாத்தனார் ஜன்னல் பக்கம் பார்த்தாள். இடது கண்ணிலிருந்த பஞ்சை எடுத்து ஒரு வாரமாகிறது. இலை சின்னதாகியிருக்கிறது, ஆனால் முழுதாகப் போகாது என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். ரோட்டில் யாருக்கும் ஓட்டக் கற்றுத்தர இனி அனுமதி கிடைக்குமா என்பது சந்தேகம் என்றும் சொல்லியிருந்தார்.

"அதை விடல. அதை மட்டும் திட்ட மாட்டேன் அண்ணி" என்றாள். "திட்டிட்டா உங்களுக்குச் சரியாப் போயிடும். அதை நீங்களே வச்சுக்குங்க."

அக்கா தலையாட்டினாள். எழுந்து ஸ்டூலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மேசையில் இடது பக்கமாக இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து, நாத்தனாரின் நல்ல கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வலது பக்கம் வைத்தாள். மாலைக் குழாய்கள் வரும் நேரமாகிவிட்டதால் இரண்டாம் மாடிக்குப் போனாள்.